கறுப்பு இலைச் சீட்டுகள்

எனக்குச் ‘சட்டம்’ என்று பட்டப்பெயர் வைத்தவர் லிஃப்ட்காரர். பக்கத்துக் கட்டடத்தில் குடியிருக்கிறார், பழுதான லிஃப்டுகளைச் சரிசெய்வது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் சீட்டு விளையாட உட்காரும்போது யாராவது வரிசை தப்பி ஒரு சீட்டைப் போட்டுவிட்டால் நான் விடமாட்டேன். “முதல்ல எடுக்கணும், அப்புறம்தான் போடணும். விதியில அப்படித்தான் இருக்கு” என்பேன். “சட்டம் பேசிடுச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்க” என்பார் அவர். வெளியில் முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் காது கூசுகிறது.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் விளங்காது.

‘சாம்பல் காடு’ என்பது அதன் பெயர். சீட்டாட்டம்தான், ஆனால் ஒருவரை ஒருவர் கவிழ்க்கிற ஆட்டம் இல்லை. நான்கு பேரும் ஒரே கட்சி. ஆளுக்கொரு வீரனோ வீராங்கனையோ உண்டு, ஆளுக்கு முப்பது சீட்டு. எதிரில் யாரும் கிடையாது. மேஜை நடுவில் ஆபத்துக் கட்டு என்று ஒன்று கவிழ்ந்து கிடக்கும், அதுதான் எதிரி. ஒவ்வொரு சுற்றிலும் அதிலிருந்து ஆளுக்கொன்று திருப்ப வேண்டும். பூதம் வரும், பாலம் உடையும், காய்ச்சல் பரவும். ஜெயித்தால் நான்கு பேரும் ஜெயிப்போம், தோற்றால் நான்கு பேரும் தோற்போம்.

ஒருநாள் ஆடிவிட்டு மறந்துபோகிற ஆட்டமும் இல்லை. கேம்பெய்ன் என்று ஒரு முறை உண்டு. ஒன்பது அத்தியாயங்கள், வாரத்துக்கு ஒன்று. நடந்ததையெல்லாம் பயணத் தாள் என்ற காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும், அது அடுத்த அத்தியாயத்துக்கும் கூடவே வரும். பட்ட காயம் ஆறாது. எரிந்த ஊர் எரிந்ததுதான். செத்த ஆள் செத்த ஆள்தான், அந்தச் சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். ஒரு அத்தியாயத்தில் தோற்றால் அதையே திரும்ப ஆட முடியாது, தோல்வியையும் தூக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

அப்புறம் எக்ஸ்பான்ஷன். ஆட்டம் பழகிப்போனவர்களுக்காகத் தனியாக விற்கிற சின்னப் பெட்டி அது. புது ஆட்கள், புது இடங்கள், புது ஆபத்துகள் அதில் இருக்கும். அந்த ஆபத்துச் சீட்டுகளின் மூலையில் கடுகளவு ஒரு கறுப்பு இலை அச்சடித்திருப்பார்கள், பழைய கட்டோடு கலந்துவிட்டாலும் பிரித்தெடுக்க வசதியாக. மொத்தம் இருபத்துநாலு சீட்டு.

புதுக் கேம்பெய்னை ஆரம்பித்த அன்று நான்தான் அந்தப் பெட்டியைப் பிரித்தேன். விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தவன் நான். எக்ஸ்பான்ஷனோடு வந்த சின்னப் புத்தகத்தை முதல் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு, இதில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்று பெட்டியிலேயே போட்டுவிட்டேன். இருபத்துநாலு சீட்டையும் ஆபத்துக் கட்டில் செருகிக் கலைக்கப் போனேன். என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, கூரியர் வண்டி ஓட்டுகிறவன், “சூப்பர் மாமா, இனிமே கெத்தா இருக்கும்” என்றான். நான்காவது ஆளான என் அக்காதான் ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

“இதுல மூலையில இலை போட்டிருக்கே. ரெண்டையும் ஒண்ணாவே கலந்துடலாமா? தனியா அடையாளம் போட்டிருக்காங்கன்னா ஏதாவது காரணம் இருக்குமேடா?”

“அக்கா, நீ படத்தைப் பாத்துட்டு இரு. விதியை நான் பாத்துக்கறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்துவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் என்னைவிட ஆறு வயது பெரியவள். ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். அங்கே அழுக்குத் துணி வருகிற பக்கம் வேறு, சுத்தத் துணி போகிற பக்கம் வேறு, ஒரு தலையணை உறைகூடத் தப்பித் தவறி மாறிவிடக் கூடாது. ஒன்றோடு ஒன்றைக் கலக்கலாமா என்று கேட்பது அவள் கையில் ஊறிப்போன வழக்கம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற எனக்குக் கடுகளவு இலை கண்ணில் பட்டும் உறைக்கவில்லை.

ஆட்டத்து வீராங்கனைகளில் அவள் எடுத்துக்கொண்டது மூலிகைக்காரியை. ஒரு சுற்றில் ஒருவருக்குத்தான் மருந்து கொடுக்க முடியும். யாருக்கு இப்போது, யார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்வது அவள் பொறுப்பு. நன்றாகத்தான் செய்தாள். ஆனால் எப்படிச் செய்தும் நாங்கள் உதை வாங்கினோம். முதல் அத்தியாயத்தில் தட்டுத்தடுமாறிப் பிழைத்தோம். இரண்டில் தோற்றோம். மூன்றில் ஒரு ஊரே எரிந்தது, அதைப் பயணத் தாளில் நானே எழுதினேன். தோற்கத் தோற்க எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. லிஃப்ட்காரரைத் திட்ட முடியாது, திருப்பிக் கொடுத்துவிடுவார். மச்சினனைத் திட்டினால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. திட்டு வாங்க வசதியான ஆள் அக்காதான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நான்காவது ஞாயிறு ஆட்டத்துக்கு நடுவில் அவள் ஒரு விஷயம் சொன்னாள். சலவைப் பிரிவுக்கு அவளையே பொறுப்பாளராகப் போடலாம் என்று மேலாளர் கேட்டிருக்கிறார். நாற்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும், எந்தத் தளத்துக்கு எந்தத் துணி முதலில் போக வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். மாதக் கடைசி வெள்ளிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

“கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அவ்வளவு தைரியம் இருக்கான்னுதான் தெரியலை” என்றாள். கண்ணில் ஆசை தெரிந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை.

“நீங்க பண்ணுவீங்க அக்கா, அடிச்சுத் தூள் கிளப்புவீங்க” என்றான் மச்சினன். நானும் “ஆமாம், பண்ணு” என்றேன், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐந்தாவது அத்தியாயத்தில் மூலிகைக்காரி செத்துப்போனாள். மச்சினனுடைய வில்லாளிக்கு உயிர் ஊசலாடியது, அக்கா அவனுக்கு மருந்து கொடுத்தாள். அடுத்து திரும்பியது ஒரு கறுப்பு இலைச் சீட்டு, அதற்கடுத்ததும் கறுப்பு இலை. இரண்டு அடியும் அவள் தலையில் விழுந்தன. ஆட்டம் முடிந்தது, மறுபடியும் தோல்வி.

“எத்தனை தடவைதான் சொல்றது? யாருக்குக் குடுக்கணும்னு கொஞ்சம் யோசிச்சுக் குடுக்கணும். உன் ஒருத்தியாலதான் நாலு பேரும் மாட்டிக்கிட்டு முழிக்கிறோம்.”

லிஃப்ட்காரர் கூட “விடுங்க சட்டம், விளையாட்டுதானே” என்றார். நான் விடவில்லை. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத்தான் பேசினேன். அக்கா மூலிகைக்காரியின் சீட்டை உறையிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வந்து சாதாரணமாகச் சொன்னாள்.

“நாலு பேரையே பாத்துக்கத் தெரியலை. நாற்பது பேரை நான் எங்க பாக்கறது.”

அப்போதாவது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அது நீயா யோசிச்சுப் பாத்துக்கோ” என்றேன். அடுத்த வாரம் நீங்கள் மூன்று பேரும் ஆடுங்கள், எனக்கு வேலை இருக்கிறது என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. ஆறாம் அத்தியாயத்துக்குச் சீட்டுகளை அடுக்கி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அத்தியாயச் சீட்டில் ‘எக்ஸ்பான்ஷன் புத்தகம், ஏழாம் பக்கம் பார்க்கவும்’ என்று இருந்தது. பார்த்தேன். ‘கறுப்பு இலைச் சீட்டுகளை முதல் ஐந்து அத்தியாயங்களில் சேர்க்கக் கூடாது. ஆறாம் அத்தியாயம் முதல் அவற்றில் எட்டை மட்டும் எடுத்து, எட்டுப் பழைய சீட்டுகளை நீக்கிவிட்டுச் சேர்க்கவும்.’

மூன்று முறை படித்தேன். எத்தனை முறை படித்தாலும் அதையேதான் சொன்னது. ஐந்து வாரம் நாங்கள் பட்ட அடி அவ்வளவும் நான் போட்டுவைத்தது. எரிந்த ஊர், செத்த மூலிகைக்காரி, எல்லாம் என் கைவரிசை. அக்கா முதல் நாளே கேட்டாள். படத்தைப் பார் என்று சொன்னேன்.

கைபேசி பக்கத்திலேயேதான் இருந்தது. எடுத்து, ‘அக்கா, தப்பு என்னோடது’ என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவளுக்கு அந்த வேலைக்குப் பதில் சொல்ல இன்னும் இரண்டரை வாரம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நான் செய்தது வேறு. எட்டுப் பழைய சீட்டை நீக்கி, கறுப்பு இலையில் எட்டை மட்டும் விட்டுவிட்டு மீதிப் பதினாறையும் கட்டிலிருந்து எடுத்து, ரப்பர் போட்டு, அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். ஞாயிறு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன். அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது எனக்கு மறந்துபோகவில்லை. வசதிக்காக மறந்ததாக வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் ஆடினோம். ஜெயித்தோம். சும்மா இல்லை, மூன்று சுற்று மிச்சம் வைத்து ஜெயித்தோம். மச்சினன் நாற்காலியிலிருந்து குதித்தான். லிஃப்ட்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, “தப்பா எடுத்துக்காதீங்க சட்டம், அக்கா இல்லாததுதான் ராசி போல” என்றார். வேடிக்கைக்குச் சொன்னார், அவரிடம் ஒரு துளி விஷம் கிடையாது.

நான் சிரித்தேன். லேசாக அல்ல, பலமாகவே சிரித்தேன்.

அதற்குள் மச்சினன் மேஜையைப் படம் பிடித்து எங்கள் நான்கு பேர் குரூப்பில் போட்டுவிட்டான். ‘ஜெயிச்சாச்சு!!!’ ஐந்து நிமிஷத்தில் அக்காவிடமிருந்து பதில் வந்தது. ‘ரொம்ப சந்தோஷம். நான் வராதது நல்லதாப் போச்சு.’ பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை. நான் ‘அப்படி இல்லைக்கா’ என்று அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். கடைசியில் நானும் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புதன்கிழமை அவளைக் கூப்பிட்டேன். தண்ணீர்க் குழாய் ஒழுகுவது பற்றி, பிள்ளைகளின் பரீட்சை பற்றி, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிப் பேசினேன். “வேலை விஷயம் என்னக்கா ஆச்சு?” என்றதற்கு, “அது கெடக்கட்டும்டா” என்று பேச்சை மாற்றினாள். இன்னும் யோசிக்கிறாள் போல என்று எனக்கு ஒரு அற்ப நிம்மதி. அடுத்த ஞாயிறு ஏழாம் அத்தியாயத்திலும் ஜெயித்தோம். மச்சினன் பயணத் தாளில் வெற்றி என்று எழுதி அடியில் கோடு போட்டான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அந்தச் சின்னப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மறுநாள்தான் கெடு. ஒரு நாள் கையில் இருக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

சலவைப் பிரிவு மருத்துவமனையின் பின்பக்கம். உள்ளே நுழைந்ததும் நீராவி முகத்தில் அடித்தது. ஒரு பெரிய உருளைக்குள் ஈரப் படுக்கை விரிப்புகள் போய் மறுபக்கம் சூடாக, மடிப்பில்லாமல் வந்துகொண்டிருந்தன. அக்கா ஒரு நீள மேஜை முன்னால் நின்று, அறுவை அறைக்குப் போகும் பச்சைத் துணிகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

“என்னடா, வீட்ல யாருக்காவது ஏதாவதா?”

“இல்லக்கா. சும்மாத்தான்.”

சும்மா வருகிற இடமா அது. அவள் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போவதற்குள் கழுத்தில் புது அட்டை மாட்டிய ஒரு சின்னப் பெண் ஓடிவந்தாள். “அக்கா, மூணாவது மாடியில அவசரமாக் கேக்கறாங்க, குழந்தைங்க வார்டுலயும் கேக்கறாங்க, எதை முதல்ல அனுப்பறது?” அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், “குழந்தைங்களுக்கு முதல்ல. மூணாவது மாடிக்கு மேல் தட்டுல நேத்து மிச்சம் இருபது இருக்கு, அதைக் குடுத்தா சாயந்திரம் வரைக்கும் தாங்கும்” என்றாள். அந்தப் பெண் “சரிக்கா” என்று ஓடினாள்.

நான் புத்தகத்தை எடுத்து ஏழாம் பக்கத்தைக் காட்டினேன். மென்று விழுங்கி, ஆரம்பத்தைவிட்டு நடுவிலிருந்து தொடங்கி, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“அப்ப என் ஆளு செத்திருக்கவே மாட்டா.”

“மாட்டா.”

“நான் குடுத்த மருந்தெல்லாம் சரிதான்.”

“எல்லாமே சரி. உன் மேல ஒரு தப்பும் இல்லைக்கா. நாளைக்கு மேனேஜர்கிட்ட நீ தைரியமாச் சொல்லு, நான் பாத்துக்கறேன்னு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“அதை நான் போன வாரம் திங்கக்கிழமையே வேண்டாம்னு சொல்லிட்டேன். இப்ப வந்துட்டுப் போச்சே, அந்தப் பொண்ணுதான் பொறுப்பு. நான் பழக்கிவிட்டவதான்.”

திங்கக்கிழமை. நாங்கள் ஜெயித்துப் படம் போட்டதற்கு மறுநாள்.

“இதை நீ எப்பப் பாத்தே?” என்று கேட்டாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். “அதுக்கு முந்தின செவ்வாய்” என்றேன்.

அவள் விரலை மடக்கினாள். “செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு.” அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

“நான் போய் மேனேஜர்கிட்டப் பேசறேன்க்கா.”

“என்னன்னு பேசுவே? எங்க அக்காவுக்குச் சீட்டாட்டத்துல தப்பாக் கலக்கிக் குடுத்துட்டேன்னா?” அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நின்றதும் கண் கலங்கியிருந்தது. “சீட்டுக்காக இல்லடா. நீ எதையும் சரியாப் பாத்துச் சொல்றவன்னு நான் நம்பினேன். எனக்குத் தெரியாதுன்னு நீ சொன்னா, எனக்குத் தெரியாதுதான்னு நினைச்சேன்.”

நான் கூனிக் குறுகி நின்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், அந்த வார்த்தை அந்த இடத்தில் அவ்வளவு மலிவாக இருந்தது. அவள் அடுத்த பச்சைத் துணியை விளக்குக்கு முன்னால் பிடித்தாள்.

“ஞாயித்துக்கிழமை நான் வரேன். அவங்க ரெண்டு பேர்கிட்டயும் நீயே சொல்லணும், நான் பக்கத்துல இருக்கறப்ப. இப்பக் கிளம்பு, எனக்கு வேலை இருக்கு.”

ஞாயிறு மதியம் நான்கு பேரும் உட்கார்ந்தோம். நான் பதினாறு சீட்டையும் ரப்பரோடு மேஜைமேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். லிஃப்ட்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடப்பாவி! இதுக்கா யாரோ போன மாதிரி மூஞ்சியை வெச்சிருந்தீங்க? சட்டமே சட்டத்தை மீறிடுச்சே!”

மச்சினனும் சிரித்தான். “அஞ்சு வாரம் நரகத்துல சுத்த விட்டுட்டீங்களே மாமா! இதுக்கு நீங்க பிரியாணி வாங்கித் தரணும்.” அக்காவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அவர்கள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்களுக்கு அது வெறும் ஆட்டம்.

முதலிலிருந்தே தொடங்கிவிடலாம் என்று முடிவானது. பழைய பயணத் தாளை மச்சினன் கிழித்துப் போட்டான். மூலிகைக்காரியை நான் பெட்டியிலிருந்து எடுத்து அக்கா முன்னால் வைத்தேன். சின்னப் புத்தகத்தை அவள் கேட்டு வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நான் கலைக்கத் தொடங்கினேன்.

“ஆமா அக்கா, அந்தப் பொறுப்பாளர் வேலை என்னாச்சு?” என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அக்கா பக்கத்தைத் திருப்பினாள்.

“வேண்டாம்னுட்டேன். நாற்பது பேரோட யாரு மல்லுக்கட்டறது? முதுகு வலி வேற. எனக்கு அதெல்லாம் ஒத்து வராது.”

“அதுவும் சரிதான், உடம்புதான் முக்கியம்” என்றார் லிஃப்ட்காரர். மச்சினன் தலையாட்டினான்.

முதுகு வலி என்று அவள் என்றைக்கும் சொன்னதில்லை. இல்லை, அது என்னால் வந்தது, நான்தான் அவள் வேலையைக் கெடுத்தேன் என்று சொல்ல இரண்டு பேரும் எதிரிலேயே இருந்தார்கள். இப்போதுதான் பெரிய யோக்கியன் மாதிரி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவன். வாய் வரை வந்தது. நான் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன். கலைத்ததையே திரும்பத் திரும்பக் கலைத்தேன்.

“போதும்டா கலைச்சது” என்றாள் அக்கா, புத்தகத்திலிருந்து நிமிராமல். “போடு.”